கோலாலம்பூரில் தங்க ஓர் இடம்

நம் ஊரில் ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். படுத்து எழுந்திருக்கிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். அதனால்தான், "தாத்தா, கோலாலம்பூர்ல எந்த ஓட்டல் போடட்டும்?" என்று பேரன் கேட்டபோது, என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "சைவ ஓட்டலாப் பாருப்பா" என்று குரல் கொடுத்தாள். பேரன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் வேறு எதையோ கிளறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்து போகலாம் என்று மலேசியா அறிவித்தது. அடுத்த மாதம், 2024 ஜனவரி 25-ஆம் தேதி, தைப்பூசம். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுக்காரியின் நெடுநாள் ஆசை. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். காலையில் இங்கே இட்லி சாப்பிட்டால் ராத்திரிச் சாப்பாடு அங்கே.

பேரன் கைபேசியை நீட்டினான். ஓட்டல் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், விலை, தங்கிப் போனவர்களின் அபிப்பிராயம். எங்கே இருந்து வருகிறாய், யாருடைய மகன், யாரைத் தெரியும் என்று அந்தக் கைபேசி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. என் தாத்தா இதே ஊருக்குப் போனபோது அவரிடம் இந்தக் கேள்விகளைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

தாத்தா 1927-இல் போனார். வயது 22. திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் ஒரு தாலுகா. இங்கிருந்து திருச்சிக்கு 1875-இலேயே ரயில் வந்துவிட்டது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினத்துக்கு அதற்கும் முன்பே தண்டவாளம் போட்டாகிவிட்டது. அதனால் நம் ஊர் ரயிலடியில் ஏறினால் கப்பலடியில் போய் இறங்கலாம். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல். 1926-இல் ஓடத் தொடங்கிய புதுக்கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். போர்ட் சுவெட்டன்ஹாமைத்தான் இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறார்கள். காசு உள்ளவர்களுக்கு மேலே அறை. மற்றவர்களுக்கு டெக். பாயும் தகர டிரங்குப் பெட்டியும் கொண்டுபோய் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே விரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

டெக்கில் தாத்தாவுக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவர் வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர். கங்காணி ஒருவர் திரட்டிய ஆட்களில் ஒருவராக ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். தாத்தாவைவிட இரண்டு மூன்று வயது இளையவர். சேரியைச் சேர்ந்தவர். தாத்தாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் வாந்தி. அந்த மூன்று நாளும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது, கஞ்சி வாங்கி வந்தது, வாயைத் துடைத்துவிட்டது எல்லாம் அவர்தான். "அண்ணே, அண்ணே"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பான் என்று தாத்தா எங்களிடம் சொல்லியிருக்கிறார். கப்பலில் ஏதுடா சாதி என்றும் சொல்வார்.

பினாங்கில் இருவரும் பிரிந்தார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து முகாமில் நிறுத்தி வைப்பார்கள். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் அப்படி ஒரு முகாம் இருந்தது. அதன் பிறகு தோட்டம். தோட்டத்தில் லயம், அதாவது வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள். எந்தத் தோட்டம், எந்த லயம், பக்கத்து அறையில் யார் என்பதெல்லாம் கங்காணியும் துரையும் முடிவு செய்வது. அவர்களுக்குத் தங்குமிடம் தேர்ந்தெடுக்கிற கவலையே வைக்கவில்லை. இந்தக் கங்காணி முறைக்கு 1938-இல்தான் முடிவு வந்தது.

தாத்தா கதை வேறு. அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. திண்டுக்கல்லில் புகையிலை வியாபாரம் செய்த ஒருவர், கோலாலம்பூர் பத்து ரோட்டில் கடை வைத்திருந்த தன் பங்காளிக்கு எழுதிக் கொடுத்தது. அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கு ஓட்டல் முன்பதிவு என்றால் இந்தக் கடிதம்தான்.

கோலாலம்பூர் ரயில் நிலையத்தைப் பார்த்து ஏதோ நவாபு அரண்மனை என்று தாத்தா நினைத்தாராம். கும்மட்டமும் வளைவுகளுமாக 1910-இல் கட்டிய அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அதற்குள்ளேயே பயணிகள் தங்க ஓர் ஓட்டலும் இருந்தது. அது துரைமார்களுக்கானது என்று தாத்தா பார்வையிலேயே புரிந்துகொண்டார். எழுதி ஒட்டியிருந்ததா என்று கேட்டேன். "எழுதி ஒட்டணுமாடா?" என்றார்.

அந்தப் பக்கத்து நாடுகளில் பெரிய ஓட்டல்கள் எல்லாம் அப்போதே வந்துவிட்டன. சார்க்கீஸ் என்ற ஆர்மீனியச் சகோதரர்கள் பினாங்கில் 1885-இலும், சிங்கப்பூரில் 1887-இலும், ரங்கூனில் 1901-இலும் தொடங்கியவை இன்றும் பேர் சொல்கின்றன. சிங்கப்பூர் ராஃபிள்ஸும் ரங்கூன் ஸ்ட்ராண்டும் அவர்களுடையவைதாம். இத்தனைக்கும் 1931 கணக்கெடுப்பின்படி அப்போது பர்மாவின் தலைநகராக இருந்த ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஸ்ட்ராண்ட் ஓட்டல் மட்டும் வெள்ளைக்காரர்களுக்கே. மூட்டை சுமந்த நம் ஆட்கள் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்தார்கள்.

தாத்தா பத்து ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கடை பூட்டிக் கிடந்தது. பங்காளி ஈப்போவுக்குக் குடிபோய் மூன்று மாதம் ஆகிவிட்டது என்று பக்கத்துக் கடைச் சீனர் சைகையிலே சொன்னார். தம்புசாமிப் பிள்ளை 1873-இல் ஏற்படுத்திய மகா மாரியம்மன் கோயிலில் அதற்குள் நடை சாத்தியிருந்தார்கள். யாரோ ஒரு தமிழர், "ஆம்பாங் தெருவுக்குப் போ, செட்டியார்மார் இருப்பாங்க" என்று வழி காட்டினார்.

இங்கே கிட்டங்கி என்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நகரத்தார் தொழில் செய்த ஊர்களிலெல்லாம் அது உண்டு. சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு. அதைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றே சொன்னார்கள். ரங்கூனில் மொகல் தெரு. கோலாலம்பூரில் ஆம்பாங் தெரு. கிட்டங்கி என்பது நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகத் தாழ்ந்த கணக்குப் பெட்டிகள், பின்னால் பீரோ, இரும்புப் பெட்டி. ஒவ்வொன்றும் ஒரு கடை. அந்தச் சின்ன இடத்துக்குள் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள். பகலில் வட்டிக்கடை. ராத்திரி அதே இடத்தில் பாய் விரித்துப் படுக்கை. சமையல் பொது, செலவும் பொது. பெண்டு பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். இப்படி ஒரு கூடத்தில் படுத்தெழுந்துதான் செட்டிநாட்டில் மாளிகை கட்டினார்கள்.

தாத்தா ஏறிய கிட்டங்கியில் அவருக்குச் சோறு போட்டார்கள். வயிறாரப் போட்டார்கள். அதைத் தாத்தா ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அங்கிருந்த பெரியவர், "தம்பி, இங்கன எங்க ஆளுகதான் படுக்குறது. தப்பா நினைக்காதே" என்றாராம். தாத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. பிற்காலத்தில் அவரே அதற்கு நியாயமும் சொன்னார். அடமானப் பத்திரமும் நகையும் ரொக்கமும் இருக்கிற இடம். முன்பின் தெரியாதவனை ராத்திரி எப்படிப் படுக்கவிடுவது? "நானா இருந்தாலும் விடமாட்டேன்" என்பார். அது சரிதான். ஆனாலும் அந்த ராத்திரி அவர் டிரங்குப் பெட்டியோடு தெருவில் நின்றார்.

திரும்ப ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தபோது தமிழ்ப் பேச்சு கேட்டது. இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல். 1863-இல் ஏற்பட்டது. இன்று அந்தப் பகுதிக்கே மஸ்ஜித் இந்தியா என்றுதான் பெயர். ராத்திரித் தொழுகை முடித்து வெளியே வந்த ஒரு ராவுத்தர், "எந்த ஊருப்பா?" என்றார். திண்டுக்கல் என்றதும், "திண்டுக்கல்ல எங்கன? பேகம்பூர் தெரியுமா?" என்று அடுத்த கேள்வி. மலைக்கோட்டைக்குக் கீழே நம் பேகம்பூர். தாத்தாவுக்கு அந்தத் தெருக்கள் எல்லாம் மனப்பாடம். அன்று ராத்திரி ராவுத்தரின் துணிக்கடை மாடியில் பாய் கிடைத்தது. மூன்று நாளில் அங்கேயே கணக்கு எழுதும் வேலையும் கிடைத்தது. நடுவில் இரண்டு முறை ஊருக்கு வந்து போனதைத் தவிர, 1947 வரை தாத்தா அந்தக் கடை மாடியில்தான் இருந்தார். பேகம்பூர் என்ற ஒரு சொல்தான் அவருக்குத் திறவுகோல்.

வெளியூர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் அதே கதைதான். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் ஏற்படுத்தியதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். மதுரை ரயிலடிக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் நம் நாட்டுச் சத்திரங்கள் பலவற்றில் யார் உள்ளே, யார் தாழ்வாரத்தில், யார் வாசலுக்கு வெளியே என்பது சாதியைக் கேட்டுத்தான். ரயில் வந்த பிறகும், ரயிலடிச் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு, பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் போயிற்று. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவில் கடைகள், உணவு விடுதிகள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். சாதி, மதம் காரணமாக அங்கே யாரையும் தடுக்கக் கூடாது என்று. நாட்டின் தலையாய சட்டத்தில் ஓட்டலுக்கு என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்பார்கள். 36 வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன் நான். இதை விளக்கமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையைப் பற்றி மட்டும் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

1961-ஆம் வருஷம். எனக்கு ஒன்பது வயது. ஒரு சாயங்காலம் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கையில் பெரிய பையுமாக ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தாத்தா எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. பிறகு தாத்தா, "அட, நீயா!" என்றார். வந்தவர், "ஐயா, சௌக்கியமா இருக்கீங்களா?" என்றார்.

ரஜூலாவில் பக்கத்துப் பாயில் படுத்தவர். 34 வருஷம் கழித்து, ஊரைப் பார்க்க அதே ரஜூலாவில் வந்திருந்தார். கப்பலில் அண்ணே என்று கூப்பிட்டவர் திண்டுக்கல்லில் ஐயா என்றார். தாத்தாவும் அதைத் திருத்தவில்லை.

தாத்தா அவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னார். எங்கள் தெருவில் அதுவே பெரிய காரியம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியதை நான் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். காப்பி வந்தது. தாத்தாவுக்கு வெள்ளி டம்ளரில். அவருக்கு, பாட்டி எங்கோ பரண் மேலிருந்து தேடி எடுத்த ஓர் அலுமினியக் குவளையில். அவர் பையைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னும் இரண்டு கோடாலித் தைலப் புட்டியும் எடுத்து வைத்தார்.

வேடசந்தூருக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டிருந்தது. "ராத்திரி எங்கன தங்குவே?" என்று தாத்தா கேட்டார். கேட்டவர், எங்கள் வீட்டிலேயே இரு என்று சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்துப் பக்கம் ஒரு லாட்ஜ் இருக்கிறது என்றார். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே, "இடம் இல்லைங்கறாங்க ஐயா. நான் டேசன்ல படுத்துக்கிறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். அங்கே இடம் இல்லையா, அவருக்கு இடம் இல்லையா என்று தாத்தா விசாரிக்கவில்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. தாத்தா தலையை ஆட்டினார். அவர் போய்விட்டார். அதன் பிறகு வரவே இல்லை.

அவர் தெருக்கோடி திரும்புகிறவரை காத்திருந்த பாட்டி, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து திண்ணையைக் கழுவிவிட்டாள். தைலப் புட்டிகளை உள்ளே எடுத்துப் போனாள். மழைக்காலம் முழுக்க அவள் முழங்காலுக்கு அந்தத் தைலம்தான். தாத்தா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. ஆம்பாங் தெருவில் டிரங்குப் பெட்டியோடு நின்ற கதையை 1978-இல் சாகிற வரைக்கும் எத்தனையோ தடவை சொன்னார். நம் ஊர் ரயிலடிக் கதையை ஒருதரம் கூடச் சொல்லவில்லை. கப்பலில் வாயைத் துடைத்துவிட்ட மனிதரின் பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இதெல்லாம் பேரனுக்கு எங்கே தெரியும்? அவன் படத்தைத் தள்ளிக்கொண்டே போனான். நான் சொன்னேன்: "மலிவா இருக்குன்னு எடுக்காதே. முதல்ல ஜன்னல் இருக்கான்னு பாரு." கோலாலம்பூரில் விலை குறைந்த அறைகள் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. நம் வயசுக்காரர்களுக்கு மூச்சு முட்டும். இரண்டாவது, லிப்ட். பழைய கடை வீடுகளை ஓட்டலாக மாற்றியவற்றில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும். மூன்றாவது, ரயில். சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எடுத்தால், விமான நிலைய விரைவு ரயில் 28 நிமிஷத்தில் அங்கே கொண்டுவந்து விடும். பத்துமலைக்கும் அங்கிருந்தே ரயில் உண்டு. நான்காவது, வாடகைக்கு மேல் வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். 2017 செப்டம்பரிலிருந்து இது உண்டு. கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக் கழித்துக் கழித்துப் பார்த்ததில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பகுதி நின்றது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, இனிச் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று முடிவானபோது செங்கல் சூளைகள் போட்ட இடம். பிற்பாடு ரயில்வேக்காரர்கள் குடியிருப்பு. யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய வாழ்ந்தார்கள். 2010-இல் மன்மோகன் சிங் போய் 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தார். வாசலில் இறங்கினால் மல்லிகைப்பூ, வாழை இலைச் சாப்பாடு. வீட்டுக்காரி கேட்ட சைவ ஓட்டலும் கிடைத்தாயிற்று.

போய் இறங்கிய அன்று மேஜைக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண் இருந்தது. 25 வயது இருக்கும். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "திண்டுக்கல்லா, அங்கிள்? எங்க பாட்டனோட அப்பாவும் அந்தப் பக்கந்தானாம். தோட்டத்துக்கு வந்தவங்க. ஊர் பேர்தான் யாருக்கும் தெரியல" என்றது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டதாம். அதற்கு மேல் அந்தப் பெண் எதுவும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் "எந்த ஊர், எந்தத் தெரு" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும் என்பதால் விழுங்கிவிட்டேன்.

"ஆறாவது மாடி, அங்கிள். ஜன்னல் இருக்கு, நல்லா காத்து வரும். ஆன்ட்டிக்கு முழங்கால் வலின்னா சொல்லுங்க, வெந்நீர் ஏற்பாடு பண்றேன்" என்று சாவி அட்டையை இரண்டு கையாலும் நீட்டியது.

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரி லிப்டில் ஏறியதும், "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். பயணக் களைப்பு என்றேன். அன்று சொல்லாததை இன்று எழுதியாயிற்று.